தனிச் சாவி

ஜூன் 3, செவ்வாய்

இம்மானுவேல் காலையிலேயே போன் செய்து என் டீயை ஆறவைத்தான். கதவத்துக்குப் புது ஆட்கள் வேண்டுமாம். வருகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு பக்கம் வேண்டுமாம். அதை நான் எழுத வேண்டுமாம்.

கதவம் எங்கள் செயலி. செய்தியைப் பூட்டி அனுப்பும். யாருக்கு அனுப்பினோமோ அவரைத் தவிர வேறு எவராலும், செய்த எங்களாலேயே கூட, அதைத் திறந்து படிக்க முடியாது. நிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். எந்தத் திருத்தம் உள்ளே போகலாம் என்பதை மட்டும் நான் சொல்வேன். ஒன்பது வருடமாக நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பகலில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி சர்வர் பார்த்துச் சோறு தின்கிறேன், மிச்ச நேரம் கதவத்துக்கு. இம்மானுவேல் என்னோடு சேர்ந்து ஆரம்பித்தவன். இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் வாத்தியார். எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசுவது அவன் பங்கு.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டான். எனக்கு ஒன்றும் ஆகாது என்றேன். சிரித்தான். அவன் சிரித்தால் வேலை என் தலையில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜூன் 5, வியாழன்

பக்கத்துக்கு ‘உள்ளே வருகிறவர்களுக்கு’ என்று தலைப்பு வைத்தேன். முதல் வரி: “இங்கே எதையும் கேட்பதற்கு முன் எல்லாவற்றையும் படியுங்கள்.”

இம்மானுவேல் அதை அழித்துவிட்டு “வணக்கம், உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி” என்று போட்டான். எனக்கு மகிழ்ச்சி இல்லையே. திரும்ப மாற்றினேன்.

எழுத எழுத எனக்கே பிடித்துப்போனது. செயலியை உங்கள் கணினியில் ஓட்டத் தெரியாவிட்டால் திரும்பிப் போய்விடுங்கள் என்று எழுதினேன். பூட்டையே உடைக்கக்கூடிய ஓட்டையைக் கண்டுபிடித்தால் பொதுவில் கத்தாமல் பாதுகாப்பு முகவரிக்குத் தனியாக எழுதுங்கள், அந்த முகவரிக்கு வேறு எதையும் அனுப்பினால் தடை செய்யப்படுவீர்கள் என்று எழுதினேன். செயலியைப் பயன்படுத்துவது எப்படி என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் கிடையாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். கடைசியில் செயலியின் தமிழ்ச் சொற்பட்டியல். அதில் ஒரு சொல்லையும் மாற்றக் கேட்காதீர்கள் என்று ஒரு குறிப்பு.

கேஸ் தீர்ந்தது. புக் செய்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பக்கம் வெளியான மூன்றாம் நாளே கூட்டம். ஓசூரிலிருந்து ஒரு பையன் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டு, அதற்குச் சான்றிதழ் தருவீர்களா சார் என்கிறான். இன்னொருவன் பக்கத்தைப் படிக்காமலேயே எங்கே ஆரம்பிப்பது சார் என்கிறான். எல்லாருக்கும் நான் சார்தான். திருத்தவில்லை, சார் என்றால் கொஞ்சம் பயமாவது இருக்கிறது.

ஒரே ஒருத்தி மட்டும் அக்கா என்கிறாள். துஷ்யந்தி, வவுனியா. பெண்களுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறாளாம், வகுப்பில் கதவத்தையும் சொல்லிக்கொடுக்கிறாளாம். அவளுடைய முதல் வேலையே சொற்பட்டியலில் கைவைப்பது. “எங்கட பக்கத்தில சாவியைத் திறப்பு எண்டுதான் சொல்லுவம் அக்கா. அதையும் ஒருக்கா யோசிக்க ஏலுமோ?” என்று எழுதியிருந்தாள்.

பொதுத் திறப்பு என்று எழுதினால் இங்கே அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவார் என்று பதில் போட்டு விவாதத்தை மூடிவிட்டேன். நான் யாருக்கும் அக்கா இல்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

மறுபடி துஷ்யந்தி. இந்த முறை திறப்பை விட்டுவிட்டாள். ‘தனி’ என்ற சொல்தான் பிரச்சினையாம்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் திட்ட வேண்டும். கதவத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி. ஒன்றை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். அதை வைத்து எவரும் உங்களுக்கான செய்தியைப் பூட்டலாம், திறக்க முடியாது. இன்னொன்று திறக்கிற சாவி. அது உங்கள் போனை விட்டு வெளியே போகவே கூடாது. அதை வைத்திருப்பவர் எவரோ அவர்தான் நீங்கள். முதலாவது பொதுச் சாவி, இரண்டாவது தனிச் சாவி. போன் தொலைந்தால் உதவட்டும் என்று தனிச் சாவியை ஒரு கோப்பாக எடுத்து வைக்கவும் வழி கொடுத்திருக்கிறோம். அந்த இடத்தில் ‘உங்கள் தனிச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று திரையில் வரும். சொல்லும் என்னுடையது, வாக்கியமும் என்னுடையது. அந்தரங்கச் சாவி என்று வைக்கலாம் என இம்மானுவேல் அந்தக் காலத்தில் முரண்டு பிடித்தான். கேட்டாலே கூச்சமாக இருக்கிறது என்று அடித்துப் போட்டேன்.

அவள் வகுப்பில் உள்ளவர்கள் தனிச் சாவி என்றால் தனியாக எடுத்து வைக்கிற இன்னொரு சாவி என்று நினைக்கிறார்களாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போது ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவோமே, அந்த மாதிரி.

அவர்கள் அப்படி நினைத்தால் சொல்லிக்கொடுக்கிறவள் சரியில்லை என்று அர்த்தம். இதை நாகரிகமாக எழுதினேன். மூடினேன்.

ஜூன் 12, வியாழன்

விடமாட்டாள் போலிருக்கிறது. இன்று ஒரு கதை எழுதியிருக்கிறாள். அவள் வகுப்பில் ஒரு பெண். அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு வந்து எங்கோ மறைந்து இருக்கிறாள். வக்கீலோடும் உதவி செய்கிறவர்களோடும் பேசுவதற்குக் கதவம். அந்தப் பெண் திரையில் வந்ததைப் படித்துவிட்டு, தனிச் சாவியை எடுத்துப் பத்திரமாக இருக்கட்டும் என்று தன் அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். அண்ணனை விடப் பத்திரமான இடம் அவளுக்குத் தெரியாதாம். புருஷன் அந்த அண்ணன் வீட்டுக்கு அடிக்கடி போய், அவள் எங்கே என்று கேட்டு உட்கார்ந்திருக்கிறானாம். இன்னும் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பழைய சாவியைச் செல்லாததாக்கிப் புதுச் சாவி போடுவது எப்படி, சொல்லுங்கள் அக்கா என்று கேட்கிறாள். அந்தப் பெண்ணின் திரையைப் படமெடுத்தும் இணைத்திருக்கிறாள்.

செயலியின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு தட்டு. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகாது. ஆனால் இது பயன்படுத்துவது எப்படி என்ற கேள்வி. தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். ஒருத்திக்குப் பதில் சொன்னால் நாளைக்கு நூறு பேர் புருஷன் கதையோடு வருவார்கள். பக்கத்தைப் படிக்கவும் என்று ஒரு வரி போட்டு மூடினேன்.

அண்ணன்தானே, திருடனா.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா ஆத்தூரிலிருந்து ஒரு பை மாங்காயோடு வந்தாள். ஊறுகாய் போட்டே ஆக வேண்டும் என்று சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டாள். அவள் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, துஷ்யந்தியின் வாயை மூட ஒரு ஆதாரம் கிடைக்குமே என்று, தனிச் சாவி என்றால் என்ன என்று கேட்டேன்.

“தனியா எடுத்து வெக்கற சாவி. அவசரத்துக்கு எதுத்த ஊட்ல குடுத்து வெப்பமே, அது. எதுக்குக் கேக்கற, தொலச்சிட்டியா?”

தண்ணீர் கேன் போடுகிற முருகவேலிடமும் கேட்டேன். ரெண்டாவது சாவிங்க என்றான், யோசிக்கவே இல்லை. மூன்றாவதாக யாரையும் கேட்கவில்லை. இரண்டு பேர் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அம்மா எட்டாவது வரை படித்தவள், அவளுக்காகவா செயலி எழுதினோம்.

ஊறுகாய்க்கு உப்பு அதிகம்.

ஜூன் 17, செவ்வாய்

பாதுகாப்பு முகவரிக்குக் கடிதம் வந்ததாக மணி அடித்தது. அந்த மணி வருடத்துக்கு இரண்டு முறை அடித்தால் அதிகம். கம்பெனி மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தால் துஷ்யந்தி. “ஒரு சொல்லில் ஓட்டை.”

பூட்டில் கணக்குத் தப்பு இல்லை, நிரலில் தப்பு இல்லை, ஆனால் எங்கள் பூட்டை ஆட்கள் தாங்களே திறந்து கொடுக்கிறார்கள், ஆகவே இது பாதுகாப்பு ஓட்டைதான், உடனே சொல்லை மாற்றி எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறாள். எனக்குப் பாடம் எடுக்கிறாள். பாதுகாப்பு என்றால் என்ன என்று எனக்கு.

விதி விதிதான். தடை செய்தேன். விவாத இடம், அரட்டை அறை, முகவரி, எல்லாவற்றிலும். இனி அவள் எழுதுவது எதுவும் எங்களுக்கு வராது. அதன் பிறகு சாப்பிட்ட தயிர்ச்சோறு நன்றாக இருந்தது.

ஜூன் 18, புதன்

இம்மானுவேலோடு பெரிய சண்டை. தடை செய்ததைப் பார்த்துவிட்டான். அவன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, இன்று கேட்டேன். ஒன்பது வருடத்தில் நமக்கு வந்த ஒரே உருப்படியான ஆளை விரட்டிவிட்டாய் என்றான். அவன் மனைவியிடமும் தனிச் சாவி என்றால் என்ன என்று கேட்டானாம். அவளும் அதையேதான் சொன்னாளாம். அவள் வங்கியில் மேனேஜர்.

சொல்லை மாற்றுவதைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றேன். சொல்லை விடு என்றான் அவன்.

“கோதை, அந்தப் பொம்பளைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை. அத மட்டும் இன்னிக்கே செய். துஷ்யந்திகிட்ட ஒரு சாரி சொல்லிட்டு, எப்படின்னு சொல்லிக்குடு. நான் செஞ்சா உனக்கு எதிராப் போன மாதிரி ஆயிடும், அதனாலதான் உன்கிட்ட சொல்றேன்.”

பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். சாரியாம். விதியை மீறியது யார், சாரி சொல்வது யார்.

ஜூன் 20, வெள்ளி

முடித்துவிட்டேன். யாரிடமும் சாரி சொல்லாமல் முடித்தேன்.

துஷ்யந்தி இணைத்த படத்தில் அந்தப் பெண்ணின் கதவம் எண் இருந்தது. நடுவில் துஷ்யந்தி எதற்கு. நேராக அந்தப் பெண்ணுக்கே கதவத்தில் எழுதினேன். கதவத்தைச் செய்தவளே எழுதுகிறாள் என்றால் அவளுக்கும் தெம்பாக இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து வருகிறதே என்று பயந்துவிடக் கூடாது என்பதற்காக, யார் சொல்லி எழுதுகிறேன் என்பதையும் போட்டேன்.

“வணக்கம். நான் பூங்கோதை, கதவம் செயலியை உருவாக்கியவர்களில் ஒருத்தி. வவுனியாவில் உங்களுக்கு வகுப்பு எடுக்கும் துஷ்யந்தி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். உங்கள் தனிச் சாவியை இனி யாரிடமும் கொடுக்காதீர்கள். அமைப்புக்குள் போய் ‘சாவியை மாற்று’ என்பதைத் தட்டி, ‘ஆம்’ என்று கொடுங்கள். பழைய சாவி அதோடு செல்லாது. கவலை வேண்டாம்.”

படித்துப் பார்த்தேன். அன்பாகக் கூட இருந்தது. இம்மானுவேலுக்கு ‘முடிந்தது’ என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். என்ன, எப்படி என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

பதில் இல்லை. செய்தி படிக்கப்பட்டது என்று மட்டும் காட்டுகிறது.

அம்மா ஊருக்குப் போனாள். சமையலறை எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஜூன் 22, ஞாயிறு

ஓசூர்ப் பையன் இன்னொரு காற்புள்ளியோடு வந்தான். ஏனோ அவனைத் திட்டத் தோன்றவில்லை. உள்ளே சேர்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண் இன்னும் சாவியை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் என் பக்கத்தில் அறிவிப்பு வந்திருக்கும். இரண்டு தட்டுத்தானே. படிக்கத் தெரிந்தவள்தானே. அவள் போனைத் திறந்து பார்க்கவே இல்லையோ என்றால், படிக்கப்பட்டது என்று காட்டுகிறது. யார் படித்தது என்று அது காட்டாது.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். ஒரே சாவியை இரண்டு போனில் போட்டால் இரண்டிலும் செய்தி போய் விழும். இது எனக்குத் தெரியாதா என்ன. நான்தான் அதை எழுதினேன். ஆனால் சாவி அண்ணனிடம்தானே இருக்கிறது. அண்ணன் அவள் பக்கம்தானே.

ஜூன் 24, செவ்வாய்

பதில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

“வணக்கம் மேடம். நீங்கள் சொன்ன தனிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நான் ஒருவரிடமும் கொடுக்க மாட்டேன். அவவும் இப்ப வீட்டுக்கு வந்திட்டா, என்னோடதான் இருக்கிறா. இனிமேல் அவவுக்கு எழுத வேண்டாம். துஷ்யந்தி ரீச்சருக்கும் எங்கட நன்றியைச் சொல்லுங்கோ.”

அந்தப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சையில் இருந்தது. செயலி பொய் சொல்லவில்லை. சாவி சரியான சாவி.

  மறுபடி படித்தேன். எத்தனை முறை படித்தாலும் மரியாதையான கடிதம்தான்.

இம்மானுவேலைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவன் திட்டவே இல்லை. துஷ்யந்தியின் நம்பரை எங்கிருந்தோ வாங்கி அனுப்பி, நீயே பேசு என்று மட்டும் சொன்னான். தடையை நீக்கிவிட்டுப் பேசுவதா, பேசிவிட்டு நீக்குவதா என்று ஒரு மடத்தனமான யோசனை ஓடியது. நீக்கினேன். பயமாக இருந்தது. அவளிடம் பயம்.

எடுத்தாள். பெயரைச் சொன்னதும் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். குரல் நான் நினைத்ததை விட வயதானது, என்னை விடப் பெரியவளாகத்தான் இருக்க வேண்டும். அழுதழுது ஓய்ந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணின் அண்ணன் போன வாரம் புருஷனிடம் சாவியைக் கொடுத்துவிட்டானாம். தெரிந்த அன்றைக்கே துஷ்யந்தி அந்தப் பெண்ணிடம், செயலியில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம், எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். தெரிந்தவர்கள் எல்லாருக்கும், அந்த எண்ணுக்கு எழுதாதீர்கள் என்று சொன்னாளாம்.

“உங்களுக்கும் சொல்ல வந்தனான் அக்கா. எல்லா இடத்திலயும் பூட்டியிருந்தது.”

 அவளே மேலே சொன்னாள். அந்தப் பெண் வவுனியாவில் இருக்கிறாள் என்பது அண்ணனுக்குக் கூடத் தெரியாதாம். யாழ்ப்பாணத்தில் எங்கோ இருக்கிறாள் என்றுதான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்களாம். சனிக்கிழமை வகுப்பு முடிகிற நேரத்துக்கு வாசலில் வேன் ஒன்று நின்றதாம். புருஷன் இரண்டு பேரோடு வந்திருந்தானாம். துஷ்யந்தி யார் என்று பெயர் சொல்லிக் கேட்டு, அவளைத் தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணை இழுத்துப்போனானாம். பொலிஸ், குடும்ப விஷயம் என்கிறதாம்.

“அதுதான் எனக்கு விளங்கேல்லை. அவனுக்கு என்ர பேர் எப்பிடித் தெரியும்? இஞ்ச ஆரோ சொல்லியிருக்கினம் எண்டு ரெண்டு பிள்ளையளைச் சந்தேகப்பட்டு வகுப்பால நிப்பாட்டிப்போட்டன்.”

“அவங்க இல்ல. நான் எழுதினேன். அந்தப் பொண்ணோட கணக்குக்கு.”

“என்ர பேர் போட்டோ?”

“ஆமா.”

 மெதுவாக, ஒரு வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி கேட்டாள்.

“ஊரும் போட்டனீங்களோ?”

ஊரும் போட்டேன் என்றேன்.